ஆள் தெரியாத கண்ணாடி

போன மாதம் என் அண்ணன் மகள் கோயம்புத்தூரில் புதுக் கார் எடுத்தாள். எடுத்த கையோடு வீட்டுக்குக் கொண்டுவராமல் நேராக ஒரு கடையில் கொண்டுபோய் நிறுத்தினாள். "பெயிண்டுக்கு மேல பிலிம் ஒட்டறாங்க அத்தை. உங்க பழைய தொழில்தானுங்க, வந்து பாருங்க" என்று என்னையும் கூட்டிப்போனாள். ஏசி போட்ட அறை, ஆஸ்பத்திரி மாதிரி வெளிச்சம். பம்பரிலிருந்து டிக்கி வரைக்கும் வண்டி முழுக்க ஒரு தாளை இழுத்து இழுத்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒட்டி முடித்த இடத்தில் ஒட்டியதே தெரியவில்லை. ஜன்னல்களுக்கு லேசான புகை நிறம்.

"இதுக்கு மேல கறுப்பா ஒட்டினா போலீஸ் பிடிச்சிருவாங்கம்மா" என்றார் அங்கே வேலை செய்பவர். நானும் ஒரு காலத்தில் இந்த வேலை பார்த்தவள் என்று அண்ணன் மகள் சொன்னதும் அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "அந்தக் காலத்துல எவ்வளவு கறுப்பு ஒட்டுவீங்க?" என்று கேட்டார்.

"உள்ள ஆள் இருக்கறதே தெரியாத அளவுக்கு" என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் எந்தக் காரை நினைத்துச் சொன்னேன் என்று அவருக்குத் தெரியாது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறை. தையல்தான் தொழில். என் வீட்டுக்காரர் அரிசி மில்லில் வேலை பார்த்தார். எழுபதுகளில் மீரான் ராவுத்தர் என்பவர் பொள்ளாச்சி ரோட்டில் ஒரு ஷெட் வைத்திருந்தார். புதுக் கார் எடுத்தவர்கள் அங்கே கொண்டுவந்து விடுவார்கள். அடியில் தார் பூசுவது, மேலே மெழுகு போடுவது, சீட்டுக்கு உறை, ஜன்னலுக்குத் திரை எல்லாம் அங்கே நடக்கும். ஒரு அம்பாசடருக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்த காலம் அது. வண்டி வந்தவுடன் அதன் மேல் தூசி விழுந்தால்கூட ஜனங்களுக்கு மனசு பொறுக்காது. சீட்டின் மேல் கம்பெனி போட்டு அனுப்பிய பாலித்தீன் உறையைச் சிலர் கழற்றவே மாட்டார்கள். வியர்த்து வழிந்துகொண்டு அதன் மேலேயே உட்கார்ந்து போவார்கள்.

உறையும் திரையும் தைக்கத்தான் நான் அந்த ஷெட்டுக்குப் போனேன். சில மாதங்களிலேயே மெழுகு வேலையும் என் கைக்கு வந்துவிட்டது.

ராவுத்தரைப் பற்றிச் சொல்ல வேண்டும். உயரமான மனிதர். ஷெட்டுக்குள் நுழையுமுன் கால் கழுவுவார். வாட்ச், மோதிரம், பெல்ட் எல்லாவற்றையும் கழற்றி வாசலில் இருக்கும் தகர டப்பாவில் போட்ட பிறகுதான் வண்டியைத் தொடுவார். யாராக இருந்தாலும் அப்படித்தான். தரையில் தண்ணீர் தெளித்து, சுற்றிலும் நனைந்த சாக்குகளைத் தொங்கவிட்டு, தூசி அடங்கிய பிறகே வேலை தொடங்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற மாதங்களில் அந்தச் சாக்குகளை நனைப்பதே பாதி வேலை. மல் துணியில் மெழுகைத் தொட்டு நேர் கோடாகத் தேய்க்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் வெயிலில் பார்க்கும்போது சிலந்தி வலை மாதிரி கீறல் தெரியும் என்பார். வேலை நடக்கும்போது பேச மாட்டார். நன்றாக வந்திருந்தால் மலையாளத்தில் "மதி" என்பார். போதும் என்று அர்த்தம். அதற்கு மேல் ஒரு பாராட்டு அவரிடமிருந்து யாரும் வாங்கியதில்லை.

என் வளையல்களால் முதல் நாளே பிரச்சினை வந்தது. கழற்றச் சொன்னார். என் மாமியார் காதுக்கு அது போனதும் வீட்டில் ரகளை. "தாலி கட்டிக்கிட்டவ மூளிக் கையோட நிக்கறதா? அந்தச் சோறு நமக்கு வேண்டாம்" என்றார். மறுநாள் ராவுத்தரிடம் வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னேன். அவர் புது மல் துணியைக் கிழித்து மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் வளையலோடு சேர்த்துச் சுற்றிக் காட்டினார். "இப்ப மாமியாருக்கும் வருத்தமில்லை, வண்டிக்கும் வருத்தமில்லை" என்றார். அங்கே இருந்த காலம் முழுக்க அந்தக் கட்டோடுதான் வேலை செய்தேன்.

அந்தப் பத்தாண்டின் கடைசியில் கறுப்புத் தாள் வந்தது. ராவுத்தரின் மச்சான் வளைகுடாவிலிருந்து ஒரு சுருளைக் கொண்டுவந்தார். கண்ணாடியில் ஒட்டினால் உள்ளே இருப்பவருக்கு வெளியே தெரியும், வெளியே இருப்பவருக்கு உள்ளே தெரியாது, வெயிலும் உறைக்காது என்றார். எப்படி ஒட்டுவது என்று அவருக்கும் தெரியவில்லை. முதலில் ஒரு டாக்டரின் வண்டிக்கு ஒட்டினோம். அவர் வீட்டுக்குப் போய்க் கண்ணாடியை இறக்கியதும் தாள் முழுவதும் சுருண்டு மடியில் விழுந்துவிட்டது. பிறகு நாங்களே வழி கண்டுபிடித்தோம். ஒவ்வொரு கண்ணாடிக்கும் ரவிக்கைக்கு அளவு எடுப்பதைப் போலக் காக்கித் தாளில் வெட்டிக்கொள்வேன். அதை வைத்துக் கறுப்புத் தாளைச் சவர பிளேடால் அறுப்பேன். கண்ணாடியின் உள்பக்கம் சோப்புத் தண்ணீர் தெளித்து, தாளை மிதக்கவிட்டு, மரச் சட்டத்தில் சைக்கிள் ட்யூப் செருகிய கட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ள வேண்டும். ஒரு மணல் துகள் உள்ளே சிக்கினாலும் கொப்புளம் வந்துவிடும். தாளின் விளிம்பு கண்ணாடி இறங்கும் ரப்பருக்குக் கீழே போயிருக்க வேண்டும். டாக்டர் வண்டியில் நாங்கள் விட்ட தவறு அதுதான்.

இந்த வேலை கைக்குப் பழகியிருந்த சமயத்தில்தான் பண்ணாடி வந்தார்.

எங்கள் பக்கம் நிலக்காரர்களைப் பண்ணாடி என்று கூப்பிடுவார்கள். இவருக்கு வேலந்தாவளம் போகும் வழியில் தென்னந்தோப்பும் கரும்புக் காடும் இருந்தன. மனைவி இல்லை. பால் வெள்ளை நிறத்தில் புத்தம் புது அம்பாசடர். டிரைவர் பழனி அண்ணன் ஓட்டிவந்தார். பண்ணாடி இறங்கி வண்டியை ஒரு முறை சுற்றி வந்தார்.

"எல்லாம் செய்யோணும் ராவுத்தரே. தார், மெழுகு எல்லாம். ஆனா எனக்கு முக்கியம் கண்ணாடிதான். உள்ள இருக்கறவிங்க வெளிய தெரியவே கூடாதுங்க."

ஒட்டி முடித்தோம். பண்ணாடி வந்தார். என்னைப் பின் சீட்டில் உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தினார். வெளியே நின்று கண்ணாடியில் மூக்கு படும்படி குனிந்து பார்த்தார்.

"இப்ப நீ சிரிக்கறயா, மூஞ்சிய உம்முனு வெச்சிருக்கறயா?" என்று சத்தமாகக் கேட்டார்.

"உம்முனுதானுங்க இருக்கறேன்."

"தெரியுது. சாடையாத் தெரியுது. போதாது."

மறுபக்கத்துக் கண்ணாடியில் வெயில் விழும்போது உள்ளே இருப்பவரின் உருவம் நிழலாகத் தெரியத்தான் செய்தது. அதுவும் கூடாது என்றார். தாளின் மேல் இன்னொரு தாள் ஒட்டச் சொன்னார். ராவுத்தர் முதன்முறையாக வேலையின் நடுவில் வாய் திறந்தார்.

"ரெண்டு தாள் ஒட்டினா டிரைவருக்குப் பின்னாடி ஒண்ணும் தெரியாது பண்ணாடி. வண்டியைப் பின்னால எடுக்கறப்ப ஆள் மேல ஏத்திருவாரு."

"பழனி இறங்கிப் பாத்துட்டு எடுப்பான். நீங்க ஒட்டுங்க."

ஷெட்டில் ஆளுக்கொரு பேச்சு. மறையூர்ப் பக்கம் சந்தனக் கட்டை கடத்தப் போகிறார் என்றான் தார் பூசுகிறவன். ராவுத்தருக்கும் சந்தேகம்தான். ஆனால் பண்ணாடியைப் பற்றி ஊரில் யாரும் தவறாகச் சொன்னதில்லை. இரண்டாவது தாளை வீட்டிலேயே வந்து ஒட்ட வேண்டும், அதற்கு இந்தப் பொண்ணு மட்டும் வந்தால் போதும் என்று என்னைக் காட்டிச் சொன்னார். ராவுத்தர் என்னைப் பார்த்தார். நான் சரி என்றேன்.

பண்ணாடி வீட்டு முற்றத்தில் வண்டி நின்றது. சுற்றுச்சுவர் உயரம். வெளிக் கதவைத் தாழிட்டிருந்தார்கள். நான் பின் சீட்டில் முழங்காலிட்டு, பின் கண்ணாடியில் தாளைப் பிடித்துத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அந்த வளைந்த கண்ணாடிதான் இருப்பதிலேயே கஷ்டம். அப்போது மறுபக்கக் கதவு திறந்தது. தலையோடு சால்வை சுற்றிய ஒரு பெண் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

"நான் உக்காந்து பாக்கோணுமாம். அப்பா சொன்னாருங்க" என்றாள். சின்னப் பெண்ணின் குரல். கதவு சாத்திய வேகத்தில் சால்வை நழுவியது.

நான் அலறிவிட்டேன். பிளேடு கையிலிருந்து விழுந்தது. ஒரு பக்கக் கன்னம், உதடு, கழுத்து எல்லாம் ஒன்றாக உருகி இழுத்துக்கொண்டு நின்ற முகம். ஒரு கண் பாதிதான் மூடும். மறுபக்கம் நல்ல அழகான பெண்ணின் முகம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடியவில்லை.

அவள் என்னைப் பார்க்காமல் கீழே பார்த்தாள். "மொதல்ல எல்லாருக்கும் அப்படித்தானுங்க அக்கா. பிளேடை எடுங்க, சீட்டு கிழிஞ்சிரும்" என்றாள்.

நான் குனிந்து பிளேடைத் தேடி எடுத்தேன். அதற்குள் வெளியே பண்ணாடியின் குரல் கேட்டது.

"அம்முணி, இப்ப எந்தப் பக்கம் பாக்கறே?"

"உங்களைத்தான் பாக்கறேனுங்கப்பா."

"தெரியலை கண்ணு! ஒண்ணுமே தெரியலை!"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் நிறைந்து, குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். தன் மகள் கண்ணுக்குத் தெரியவில்லை என்று ஒரு தகப்பன் சந்தோஷப்படுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவள் முகத்தைவிட அதுதான் என்னை அதிகம் உலுக்கியது.

பெயர் ருக்குமணி. பள்ளிக்கூடம் படிக்கும்போது மண்ணெண்ணெய் அடுப்பு வெடித்தது. அதற்குப் பிறகு அந்தச் சுற்றுச்சுவரைத் தாண்டியதில்லை. நான் தாள் ஒட்ட ஒட்ட அவளே சொன்னாள். தங்கச்சி சாந்தாவின் கல்யாணத்தன்று நெல் மூட்டை அடுக்கிய அறையில் இருந்தாளாம். "மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க என்னையப் பாத்தா சம்பந்தம் நின்னு போயிருமுன்னு சித்தப்பா சொன்னாருங்க. மேளச் சத்தம் மட்டும் கேட்டுச்சு. நெல்லு வாசத்துல தும்மல் வந்துட்டே இருந்துச்சு, வாயைப் பொத்திக்கிட்டேன்." அழாமல்தான் சொன்னாள்.

சாந்தாவின் புருஷன் தேவிகுளத்தில் கவர்மெண்ட் ஆபீசில் குமாஸ்தா. அவர்களுக்குக் குழந்தை பிறந்திருந்தது. அதைப் பார்க்க வேண்டும் என்று ருக்குமணி கேட்டிருக்கிறாள். அவள் வாய்விட்டுக் கேட்ட ஒரே விஷயம் அதுதான் என்றார் பண்ணாடி. அதற்காகத்தான் கார். அதற்காகத்தான் கறுப்பு.

"அந்த அக்காவும் கூட வரட்டுமுங்க" என்று அவள் சொன்னதால் நானும் போனேன்.

உடுமலை தாண்டிச் சின்னாறு செக்போஸ்டில் வண்டியை நிறுத்தினார்கள். கறுப்புக் கண்ணாடியைப் பார்த்ததும் காட்டிலாகாக்காரர்களுக்குச் சந்தேகம். பண்ணாடி டிக்கியைத் திறந்து காட்டி, "பொம்பளைங்க இருக்காங்க சாரே" என்று கும்பிட்டார். ஒரு வழியாக விட்டார்கள். வண்டி மலை ஏற ஏற ருக்குமணி கண்ணாடியை விட்டுத் திரும்பவே இல்லை. ரோட்டில் போகிறவர்களைப் பார்த்து, "கையை வீசி நடக்கறாங்க பாருங்கக்கா" என்றாள். எனக்கு அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று புரியவில்லை. மறையூர் தாண்டித் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின.

"மழை வர்றாப்பல இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

"இல்லைம்மா, நல்ல வெயில்."

முன் கண்ணாடி தெரியாதபடி நடுவில் நான் தைத்த திரை தொங்கியது. இரண்டு தாளுக்குள்ளிருந்து பார்க்க உச்சி வெயிலும் பொழுது சாய்ந்த மாதிரிதான் இருந்தது. நான் அதற்கு முன் அப்படி உட்கார்ந்து நெடுந்தூரம் போனதில்லை. நான் ஒட்டிய தாள் என்ன செய்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

மூணாறுக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது. ஒரு வளைவில் பழனி அண்ணன் பிரேக் அடித்தார். நாங்கள் முன்னால் போய் மோதினோம். திரையை விலக்கிப் பார்த்தேன். ரோட்டின் குறுக்கே ஆட்கள். தோட்டத்து ஜனங்கள். நாலு பேர் கம்பளியின் முனைகளைப் பிடித்து ஒருவனைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். கம்பளியின் அடியிலிருந்து ரத்தம் ரோட்டில் சொட்டியது.

"கவாத்துக் கத்தி தொடையில எறங்கிட்டுய்யா!" என்று ஒருவர் ஓடி வந்தார். தேயிலைச் செடியைக் கவாத்து செய்யும் அந்தக் கத்தி எவ்வளவு கூர்மை என்று பிறகுதான் பார்த்தேன். "தோட்டத்து வண்டி கீழ போயிருக்கு. மூணாறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்கய்யா, புண்ணியமாப் போவும்!"

பண்ணாடி கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினார். "பின்னாடி பொம்பளைங்க இருக்காங்க. எடமில்லீங்க. அடுத்த வண்டி வரும்."

"அடுத்த வண்டி எப்பய்யா வரும்? ரெண்டு பேரு எறங்கி நின்னா போதும்லா!"

"இல்லீங்க. முடியாதுங்க. பழனி, எடு வண்டியை."

கூட்டம் விடவில்லை. வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். பின் கதவின் பிடியை யாரோ இழுத்தார்கள், உள்ளே தாழ் போட்டிருந்தது. நான் மெழுகிட்ட கதவில் கைகளால் படபடவென்று அடித்தார்கள். ஒருவன் ரோட்டோரத்தில் கிடந்த கல்லை எடுத்துவிட்டான். "உள்ள என்னத்த மறைச்சு வச்சிருக்கான்னு பாப்போம்லே!" பண்ணாடி கீழே குதித்து, ருக்குமணி இருந்த பக்கத்துக் கண்ணாடியின் மேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டார். கல் விழுந்தால் தன் கையில் விழட்டும் என்று நினைத்தாரா, இல்லை யாரும் பார்க்கக் கூடாது என்று நினைத்தாரா, எனக்குத் தெரியாது.

அவர் கைகளுக்குக் கீழே, குனிந்து, ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். இடுப்பில் சாக்குப் படுதா கட்டியிருந்தாள். அடிபட்டவனின் மனைவி. முகத்தின் இரு பக்கமும் கையை வைத்து மறைத்துக்கொண்டு கண்ணாடியோடு ஒட்டி உள்ளே பார்க்க முயன்றாள். அவள் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது. ருக்குமணியின் முகத்துக்கும் அவள் முகத்துக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. அந்தப் பெண்ணுக்கு உள்ளே எதுவும் தெரியவில்லை. தன் முகத்தையே பார்த்துக்கொண்டு கெஞ்சினாள்.

"உள்ள யாருன்னாலும் கதவத் தொறங்க தாயி. எம் புருசன் செத்துருவாரு. ரத்தம் நிக்கமாட்டேங்கு. யாரு இருக்கீக? ஒரு வார்த்தை பேசுங்க."

நான் ருக்குமணியைப் பார்த்தேன். அவள் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தாள். நான் வாய் திறப்பதற்குள் அவள் கை கைப்பிடியைச் சுற்றத் தொடங்கியிருந்தது.

கண்ணாடி இறங்கியது. பளீரென்று வெயிலும் பச்சையும் ஒன்றாக உள்ளே வந்து விழுந்தன. எனக்கே கண் கூசியது. ருக்குமணி சால்வையைப் பிடித்துக்கொள்ளவில்லை.

கதவில் அடித்த கைகள் நின்றன. கல் எடுத்தவன் அதைக் கீழே போடவும் மறந்து நின்றான். ஒரு கிழவர் "முருகா" என்றார். பண்ணாடி, "அம்முணி, ஏத்து, கண்ணாடியை ஏத்து" என்று குளறினார். அந்தத் தோட்டக்காரப் பெண் மட்டும் ஒரு நொடி திகைத்தாள். ஒரே நொடிதான். நான் காரில் அலறியதைப் போல அவள் அலறவில்லை. அவளுக்கு அந்த முகத்தைப் பார்க்க நேரமில்லை.

"கதவத் தொறம்மா" என்றாள்.

ருக்குமணி திறந்தாள். "இக்கட்ட கொண்டாங்க. தலையை என் மடியில வைங்க. அக்கா, நீங்க முன்னாடி போயிருங்க" என்றாள். அவள் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று நான் நினைத்ததே இல்லை. பண்ணாடியும் நினைத்திருக்க மாட்டார். அவர் நின்ற இடத்திலேயே நின்றார். பழனி அண்ணன்தான் அவரைத் தோளைப் பிடித்து முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார வைத்தார்.

அவன் பெயர் சுடலை. முகம் சாம்பல் நிறத்துக்குப் போயிருந்தது. தொடையில் கட்டியிருந்த துண்டு முழுவதும் நனைந்துவிட்டது. ருக்குமணி தன் சால்வையைத் தலையிலிருந்து உருவி, அந்தத் துண்டின் மேல் சுற்றி, அவன் மனைவியோடு சேர்ந்து இழுத்து முடிச்சுப் போட்டாள். வழி முழுக்க இரண்டு பேரும் அதன் மேல் கைகளை அழுத்திக்கொண்டே வந்தார்கள். பாலித்தீன் உறையின் மேல் ரத்தம் நிற்காமல் ஓடி, வளைவுகளில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது. நான் நடுவிலிருந்த திரையைக் கிழித்து அவர்களிடம் கொடுத்தேன். அதுவும் நனைந்தது.

"ஏங்க, தூங்காதீங்க. பேசுங்க" என்று ருக்குமணி சுடலையின் கன்னத்தைத் தட்டினாள். அவன் கண்ணைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்தான். "எனக்கு ஒண்ணும் இல்ல தாயி, நீ பயப்படாத" என்றான். சாகக் கிடந்தவன் அவளுக்குத் தைரியம் சொன்னான்.

மூணாறு ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே கொண்டு போனார்கள். நாங்கள் வராந்தாவில் நின்றோம். மருந்து வாங்க வந்தவர்கள், நர்சுகள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்ற அம்மாக்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு குழந்தை அழத் தொடங்கியது. பண்ணாடி தன் தோள் துண்டை விரித்துப் பிடித்து மகளுக்கு முன்னால் வந்து மறைத்து நின்றார்.

ருக்குமணியின் கைகள் முழங்கை வரைக்கும் சிவப்பாக இருந்தன. அவள் அப்பாவின் தோளுக்கு மேலாக எதிரே இருந்த மலையை எட்டிப் பார்க்க முயன்றாள்.

"தள்ளி நில்லுங்கப்பா. எனக்குத் தெரியலை" என்றாள்.

அவர் தள்ளவில்லை. அவள் மறுபடியும் சொன்னாள். பிறகு அவர் தள்ளி நின்றார். வராந்தாக் கட்டையில் உட்கார்ந்து முகத்தைத் துண்டில் பொத்திக்கொண்டார். அவள் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

டாக்டர் வந்து பிழைத்துவிடுவான் என்று சொன்ன பிறகுதான் அங்கிருந்து கிளம்பினோம். அந்தத் தோட்டக்காரப் பெண் ருக்குமணியின் கன்னத்தை, அந்த வெந்த பக்கத்தைத்தான், கையால் தடவி, "வலிக்குதா?" என்று கேட்டாள். "இப்ப இல்லீங்க" என்றாள் ருக்குமணி. யாரும் அவளிடம் அப்படிக் கேட்டு எத்தனை வருஷம் ஆகியிருக்குமோ.

தேவிகுளத்தில் சாந்தா வாசலிலேயே அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் புருஷன் ரத்தச் சேலையைப் பார்த்துப் பதறி வெந்நீர் வைக்க ஓடினான். அவனுக்கு மச்சினி இருக்கிறாள் என்று தெரியும், பார்த்தது அன்றுதான். குழந்தை ருக்குமணியின் மூக்கைப் பிடித்து இழுத்தது. அந்தக் குடும்பம் வெகு நாளாகப் பயந்துகொண்டிருந்த விஷயம் அவ்வளவுதான்.

வண்டி மறுபடி எங்கள் ஷெட்டுக்கு வந்தது. கதவில் கீறல்கள். பாலித்தீனின் தையல் வழியாக ரத்தம் இறங்கி சீட்டின் நார்வரைக்கும் போயிருந்தது. உறையைப் பிரித்து, நாரை மாற்றி, நானே கழுவினேன். நடந்ததை ராவுத்தரிடம் சொன்னேன். நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே கீறல்களை நேர் கோடாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் துணியை வைத்துவிட்டு, "நாம அந்தப் பொண்ணுக்கு ரெண்டு தாள் ஒட்டினோமே சரசு" என்றார். அன்றைக்கு மேற்கொண்டு வேலை செய்யவில்லை.

பண்ணாடி வந்தபோது, கண்ணாடித் தாளைக் கிழித்துவிடலாமா என்று ராவுத்தரே கேட்டார். பண்ணாடி கண்ணாடியைக் கையால் தடவிப் பார்த்தார்.

"அம்முணியைக் கேட்டுச் சொல்றேனுங்க" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததை நம்பாமல் பழனி அண்ணன் என்னைப் பார்த்தார்.

மறுநாள் பழனி அண்ணன் பதில் கொண்டுவந்தார். ஒரு தாளை மட்டும் எடுத்தால் போதுமாம். பழனி அண்ணனுக்குப் பின்னாடி தெரிய வேண்டுமாம். இன்னொன்று இருக்கட்டும், வெயிலுக்கு நல்லது என்றாளாம். வெந்நீர் ஊற்றி, ஓரத்தை பிளேடால் நெம்பி, மேல் தாளை மட்டும் உரித்தேன். ஒட்டியதைவிட உரிப்பது கஷ்டமாக இருந்தது. ராவுத்தர் பின் கண்ணாடி வழியாகப் பார்த்து "மதி" என்றார்.

அதற்குப் பிறகு சில மாதங்கள் அந்த வீட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சுடலை கொஞ்சம் நொண்டினாலும் வேலைக்குப் போகிறான் என்று மட்டும் பழனி அண்ணன் மூலம் கேள்விப்பட்டேன்.

ஒரு நாள் மதியம் நல்ல வெயில். நான் ஷெட் வாசலில் மெஷினில் உட்கார்ந்து சீட்டு உறை தைத்துக்கொண்டிருந்தேன். எதிரே பஸ் ஸ்டாப்பில் பொள்ளாச்சி பஸ் வந்து நின்று, ஒரு கூட்டத்தை இறக்கிவிட்டுப் போனது. தூசி அடங்கியதும் அதில் ஒரு பெண் ரோட்டைக் கடந்து என்னை நோக்கி வந்தாள். தலையில் சால்வை இல்லை. நான் பெடலில் இருந்து காலை எடுத்துவிட்டேன். ருக்குமணி.

"தனியாவா வந்தே? கார் எங்கே? அப்பா எங்கே?" என்று அடுக்கிக் கேட்டேன்.

"கார்ல அப்பா கரும்பு மில்லுக்குப் போயிருக்காருங்க. எனக்குச் சாந்தா குழந்தைக்குச் சட்டைத் துணி எடுக்கோணும். நீங்க கூட வர்றீங்களா?"

"பஸ்ல எல்லாரும்..." என்று தொடங்கி நிறுத்தினேன்.

"பாத்தாங்கக்கா" என்றாள் அவள். "ஏறினதுலருந்து பாத்தாங்க. அப்பறம் அவிங்கவிங்க ஊரு வந்துருச்சு, எறங்கிப் போயிட்டாங்க."

வியர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டு என் மெஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிப் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

"ஆனா என்ன கூட்டமுங்க! வழி முச்சூடும் நின்னுக்கிட்டே வந்தேன். ஒருத்தராச்சும் எந்திரிச்சு எடம் குடுக்கோணுமே!"